மதுவத்தில் கண்டெடுத்த குளூட்டாதயோன்

எங்கள் வீட்டில் அப்பத்துக்கு மா கரைக்கும்போது அம்மா கொஞ்சம் கள்ளு விடுவா. விடியப் பார்த்தால் மா பொங்கி நிற்கும். பொங்க வைப்பது கள்ளிலுள்ள மதுவம், அதாவது ஈஸ்ட். அது தன்னைக் காக்கத் தயாரிக்கும் ஒரு பொருள் நம் ஈரலிலும் இருக்கிறது. அதன் பெயரில் வியாபாரமும் பெருகிவிட்டதால் இதை எழுதுகிறேன்.

1888இல் பிரான்ஸ் நாட்டவரான டி ரே-பையாட் மதுவச் சாற்றில் கந்தகத்தைக் கலந்தார். கூழ்முட்டை நாற்றமுள்ள ஐதரசன் சல்பைட்டு வந்தது. கந்தகத்தை நாடும் ஏதோ ஒன்று சாற்றில் இருப்பதாகக் கண்டு அதற்கு 'ஃபிலோதியோன்' என்று பெயரிட்டார். 1921இல் கேம்பிரிட்ஜில் ஃபிரடெரிக் ஹொப்கின்ஸ் அதைப் பிரித்தெடுத்து குளூட்டாதயோன் என்றார். அதில் இரண்டு அமினோ அமிலங்கள் இருப்பதாக முதலில் நினைத்தவர், 1929இல் மூன்று என்று திருத்திக்கொண்டார்: குளூட்டாமிக் அமிலம், சிஸ்டெயின், கிளைசின்.

காரியம் நடப்பது சிஸ்டெயினில் உள்ள கந்தகத்தில். கலம் ஒட்சிசனைப் பயன்படுத்தும்போது ஐதரசன் பேரொட்சைட்டு போன்ற கழிவுகள் உண்டாகி, புரதங்களையும் கலமென்சவ்வையும் அரிக்கின்றன. குளூட்டாதயோன் தானே முன்வந்து ஒட்சியேற்றம் அடைந்து அவற்றைத் தணிக்கிறது. அப்போது இரண்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். ஒரு நொதியம் அவற்றை மீண்டும் பிரித்து வேலைக்கு அனுப்பும். தொழிற்சாலைகளில் இன்றும் மதுவத்தை வளர்த்தே இதை எடுக்கிறார்கள்.

வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் குளூட்டாதயோன் மாத்திரை பற்றிப் பலர் என்னிடம் கேட்பதுண்டு. விழுங்குவதில் பெரும்பகுதி குடலிலேயே உடைந்துபோகும். நிறம் வெளுக்க என்று ஏற்றும் ஊசி வேறு கதை. பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் ஆபத்தை 2011இலேயே எச்சரித்தது. கறுப்பு நோயல்ல, அதற்கு ஊசி எதற்கு?

உண்மையில் இது உயிர் காக்கும் இடம் ஈரல். பனடோல் என்று நாம் சொல்லும் பரசிட்டமோல் உடையும்போது ஒரு நச்சுப்பொருள் சிறிதளவு உண்டாகும். குளூட்டாதயோன் அதைப் பிடித்து வெளியேற்றும். வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. அளவு மீறினால் குளூட்டாதயோன் தீர்ந்து ஈரற்கலங்கள் சாகத் தொடங்கும். முதல் நாளில் ஆள் நன்றாக இருப்பது போலவே தெரியும். கண் மஞ்சளாவது பிறகுதான். மாற்றுமருந்தான அசிட்டைல்சிஸ்டெயின், குளூட்டாதயோனை மீண்டும் உருவாக்க உதவும். எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் மிக நல்ல பலன் உண்டு. பிந்திவிட்டது என்று வீட்டில் இருந்துவிடவும் வேண்டாம். மாத்திரை மட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.