கூகுளில் ரத்தான ஓர் உரை

2022 ஏப்ரல், தலித் வரலாற்று மாதம். கூகுள் நியூஸ் ஊழியர்களிடம் சாதி பற்றிப் பேச, ஈக்வாலிட்டி லேப்ஸ் அமைப்பின் தேன்மொழி சௌந்தரராஜனை அழைத்திருந்தார் மூத்த மேலாளர் தனுஜா குப்தா. தேன்மொழி இந்து விரோதி என்று சில ஊழியர்கள் மேலிடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். உரை ரத்தானது. அது ஊழியர்களுக்குள் பிளவை உண்டாக்குகிறதாம். ஊரும் சேரியும் அதுவரை ஒன்றாக இருந்தது போல!

தலைமைச் செயல் அதிகாரி சுந்தர் பிச்சையிடமே தேன்மொழி முறையிட்டார். சென்னையில் வளர்ந்தவருக்குச் சாதியை மொழிபெயர்த்தா சொல்ல வேண்டும்? கடைசியில் வேலையை விட்டது குப்தாதான்.

தெரியாமல் நடந்தது என்று சொல்லவும் வழியில்லை. தலித் பொறியாளர் ஒருவரை ஒதுக்கியதாக சிஸ்கோ மீது கலிஃபோர்னியா அரசுத் துறை 2020லேயே வழக்குப் போட்டிருந்தது, சிஸ்கோ மறுத்தது. ஆனால் அதே ஆண்டு ஆப்பிள் தன் ஊழியர் விதிகளில் 'சாதி' என்ற சொல்லைச் சேர்த்தது. திருமழபாடியிலிருந்து கணினி படிக்கப் போகும் தம்பி தங்கைகளே, வேலைக்குச் சேரும் இடத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று கேளுங்கள்.