லூனபுர்க் வெள்ளை மண்

1836 வாக்கில் வட ஜெர்மனியின் லூனபுர்க் பகுதியில், ஹவுசல்பெர்க் குன்றின் சரிவில், பீட்டர் காஸ்டன் என்பவர் கிணறு தோண்டினார். மண்வெட்டியில் வந்தது கையில் எடுத்தால் கனமே தெரியாத, மாவாக உதிரும் வெள்ளை மண். ஜெர்மானியர் அதைக் கீசல்குர் என்கிறார்கள். 1863-இல் வெட்டியெடுக்கத் தொடங்கினார்கள். 1994 வரை வேலை நடந்தது. முதல் உலகப் போர் வரை உலகத் தேவையில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போனது.

டயட்டம் என்னும் நுண்பாசிகளின் கூடுகள்தான் இந்த மண். இரண்டு பனியுகங்களுக்கு இடையே இங்கிருந்த ஏரிகளில் அவை செத்துப் படிந்தன. மூடி போட்ட சம்படம்போல இரண்டு பாதிகள் பொருந்திய சிலிக்கா ஓடு, அதில் வரிசை வரிசையாகத் துளைகள். எண்ணெயை உறிஞ்சுவதும், வெப்பத்தைத் தடுப்பதும், நீரை வடிப்பதும் அந்தத் துளைகளின் வேலைதான்.

உலகம் அறிந்த கதை நோபலுடையது. எல்ப ஆற்றங்கரையில் க்ரூமலில் இருந்த அவருடைய நைட்ரோகிளிசரின் என்னும் திரவ வெடிமருந்து ஆலை 1866-இல் வெடித்துச் சிதறியது. அந்தத் திரவத்தை அடக்க வழி தேடியபோது, கீசல்குர் தன் எடையைப்போல மூன்று மடங்கு நைட்ரோகிளிசரினை உறிஞ்சி, பிசைந்த மாவுபோல் அடங்கி நின்றது. 1867-இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் மண் தானாக வெடிக்காதே. கால்பங்கு வலு வீண். 1875-இல் நோபலே மண் தேவைப்படாத ஜெலட்டின் வெடிமருந்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

இந்த மண்ணின் பெரிய சாதனை தண்ணீரில் நடந்தது என்றே சொல்ல வேண்டும். 1892-இல் ஹாம்பர்க் நகரம் எல்ப ஆற்று நீரை வடிகட்டாமலே குடித்தது. காலராவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மணல் வடிகட்டி வைத்திருந்த பக்கத்து ஊர் அல்டோனாவில் சாவு மிகக் குறைவு. செல்லே பகுதியில் கீசல்குர் சுரங்கம் நடத்திய வில்ஹெல்ம் பெர்க்கஃபெல்ட், அந்த மண்ணையே அச்சில் வார்த்துச் சுட்டு, உள்ளே பொள்ளலான வடிகட்டி உருளைகள் செய்திருந்தார். பாக்டீரியா அவற்றைத் தாண்டாது. கொள்ளைநோயின்போது ஹாம்பர்க்கில் அவை கைகொடுத்தன.

ஆய்வுக்கூடங்களும் அந்த உருளைகளை வாங்கின. லோஃப்லர், ஃப்ரோஷ் என்ற ஆய்வாளர்கள் இருவர் கோமாரி கண்ட கன்றின் கொப்புள நீரை அவற்றில் வடித்தார்கள். வடிந்த தெளிநீரை ஊசியில் ஏற்றியும் கன்றுகள் நோயில் விழுந்தன. அவற்றின் கொப்புள நீரை வடித்து அடுத்த கன்றுக்கு ஏற்றினாலும் நோயின் வீரியம் குறையவில்லை. வெறும் நஞ்சாக இருந்தால் நீர்த்துப் போயிருக்கும். ஆகவே அது பெருகக்கூடிய கிருமி, பாக்டீரியாவைவிடச் சிறியது என்று 1898-இல் அறிவித்தார்கள். விலங்குகளைத் தாக்கும் வைரஸ் ஒன்று முதன்முதலாக இனங்காணப்பட்டது அப்போதுதான்.