சாம்பியன் ரீஃபும் 48 டாலர் ஆட்டக்காரரும்

2002 ஏப்ரலில் நான் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரை 48 டாலருக்கு ஏலம் எடுத்தேன். பதற வேண்டாம், காகிதத்தில்தான். அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்திய லீக். ஆளுக்கு 260 டாலர். நிஜப் பணம் இல்லை, ஏமாந்தால் போவது மானம் மட்டும். அதற்குள் 23 பேரை எடுக்க வேண்டும். எடுத்தவரை மூன்று வருடம் அதே விலைக்கு வைத்திருக்க வேண்டும். போன சீசனில் அவர் மைதானத்தில் ஆடிய கணக்கை வைத்துக் கம்ப்யூட்டர் மேட்ச் நடத்தும்.

இந்த ஊரில் இது பழைய பைத்தியம். 1961லேயே ஹால் ரிச்மன் என்பவர் அட்டையும் தாயக்கட்டையுமாக ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற விளையாட்டை விற்க ஆரம்பித்துவிட்டார். ஆட்டக்காரர்களை ஏலம் போடும் பழக்கத்தைப் பரப்பியது 1980ல் டேனியல் ஓக்ரெண்டும் அவர் நண்பர்களும். நியூயார்க்கில் அவர்கள் சாப்பிடப் போன ஓட்டலின் பெயரால் ரொடிசெரி லீக் என்று பெயர். 23 பேர், 260 டாலர் என்பது அந்த வழியில் வந்த கணக்குதான்.

நான் எடுத்தவர் அரிசோனாவின் லூயிஸ் கொன்சாலெஸ். 2001ல் 57 ஹோம் ரன் அடித்தவர். (ஹோம் ரன் என்றால் நம் சிக்ஸர் என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் அரிதானது.) அதற்கு முன் ஒரு வருடத்தில் அவர் அடித்த அதிகபட்சம் 31. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கையைத் தூக்கினேன்.

அந்த வாரம் ஊருக்குப் போன் போட்டபோது நைனாவிடம் பெருமையாகச் சொன்னேன். நைனாவுக்கு பேஸ்பால் தெரியாது. ஆனால் தங்கவயலில் 33 வருடம் சாம்பிள் பார்த்தவர். சுரங்கத்தில் ரீஃபின் குறுக்கே உளியால் கொத்தி, பையில் போட்டு, எண் எழுதி, அஸ்ஸே ஆபீசுக்கு அனுப்புவார்கள். அங்கே பொடித்து, ஈய ஆக்சைடோடு உருக்கி, கடைசியில் மிஞ்சும் குண்டூசித் தலையளவு மணியை நிறுத்துப் பார்த்தால் டன்னுக்கு எத்தனை கிராம் என்று தெரியும்.

நைனா கேட்டார்: "எத்தினி வருசத்து சாம்பிள் பாத்த?"

"ஒரு வருசம்."

"டேய், ஒரு பை பளபளன்னு வந்தா ரீஃபு முழுசும் அப்படித்தான்னு எழுதிடுவியா? அந்தப் பையை வெட்டித்தான்டா கணக்குல சேக்கணும்."

வெட்டுவது என்றால் தூக்கி எறிவது அல்ல. பத்து சாம்பிளில் ஒன்பது 5, 6 கிராம் காட்டி ஒன்று 90 காட்டினால், அந்த 90ஐ ஒரு வரம்புக்குக் குறைத்துவிட்டுத்தான் சராசரி போடுவார்கள். 57க்கு நான் அதைச் செய்யவில்லை.

நான் மட்டுமா என்று ஆறுதலுக்காகத் தேடப் போய்த்தான் வயநாட்டுக் கதை கிடைத்தது. 1879ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரௌ ஸ்மித் என்ற நிபுணர், வயநாட்டுத் தங்கத்தைப் பற்றி அரசுக்காக ஆய்வு செய்தார். லண்டனில் பங்குச் சந்தை கொதித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள், நாற்பது லட்சம் பவுண்டுக்கு மேல் மூலதனம். அதில் பெரும் பங்கு நிலத்தை வாங்கிய விலையிலேயே கரைந்தது. இன்றைய நீலகிரி மாவட்டத்தின் தேவாலா, பந்தலூர் பக்கம் இயந்திரங்கள் மலையேறின. அரைத்துப் பார்த்தால் டன்னுக்குச் சில கிராம். ஓரிரு பை பளபளவென்று இருந்தது உண்மைதான், மலை அப்படி இல்லை. சில வருடங்களில் ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளும் படுத்துவிட்டன.

இதே சமயத்தில்தான் கோலாரும். 1802ல் லெப்டினன்ட் வாரன் என்ற சர்வேயர், இங்கே கிராமத்து ஜனங்கள் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்திருந்தார். 1870களில் லவெல் என்ற பழைய சிப்பாய் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். (பெங்களூர் லவெல் ரோடு அவர் பெயர்தான்.) 1880ல் லண்டனில் மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி பதிவானது. அதுவும் தோண்டித் தோண்டிப் பணத்தைத் தீர்த்தது. வயநாட்டில் சூடுபட்ட பங்குதாரர்கள், மிச்சப் பணத்தைப் பிரித்துக்கொண்டு மூடிவிடலாம் என்றார்கள். நிர்வாகத்திலிருந்த ஜான் டெய்லர் தரப்பு இன்னொரு முறை பார்க்கலாம் என்று பிடிவாதம் பிடித்தது. கேப்டன் பிளம்மர் வந்து, பழங்காலத்து ஆட்கள் விட்டுப்போன குழிகளுக்கும் கீழே இறங்கினார். 1885 வாக்கில் சாம்பியன் ரீஃப் அகப்பட்டது. அடுத்த நூற்றுச் சொச்சம் வருடங்களில் அந்தப் பூமி கொடுத்தது 800 டன் தங்கம்.

ஒரே காலம், ஒரே லண்டன், இரண்டு இடத்திலும் பழைய குழிகள். ஒன்றுக்கு ஊரே அடித்துக்கொண்டது, மற்றொன்றைத் தூக்கிப் போடப் பார்த்தது. ஏலத்தில் விலையை வைப்பவன் அந்த அறையிலேயே அதிகமாக ஆசைப்படுகிறவன். மண்ணைக் கேட்டா விலை வைக்கிறார்கள்?

இன்னொரு விஷயமும் நைனாவிடம்தான் கற்றேன். கட்-ஆஃப் கிரேடு. இத்தனை கிராமுக்குக் கீழே இருக்கும் கல்லை மேலே தூக்குவதே நஷ்டம் என்ற கோடு அது. எங்கள் லீக்கிலும் அதே கோடு உண்டு. ஏலத்தில் யாரும் எடுக்காத ஒருவர் 15 ஹோம் ரன் அடிப்பார், சும்மா கிடைப்பார். நான் 48 டாலர் கொடுத்தது 57க்கு அல்ல, சும்மா கிடைக்கும் 15க்கு மேலே உள்ளதற்கு மட்டும். 2002ல் கொன்சாலெஸ் 28, அடுத்த வருடம் 26. கழித்துப் பாருங்கள், எனக்கு வேண்டாம் :-)

ஆட்டக்காரர் சொன்னபடி ஆடினாலும் விலை தப்பாகலாம். 2000 டிசம்பரில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி அலெக்ஸ் ரோட்ரிகஸுக்குப் பத்து வருடத்துக்கு 25.2 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. மனிதர் 52, 57 என்று அடித்துத் தள்ளினார். அணி மூன்று வருடமும் தன் பிரிவில் கடைசி. பந்து போட ஆள் வேண்டாமா?

அந்த ஒப்பந்தம் போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2001 பிப்ரவரி 28ல் எங்கள் சுரங்கத்தை மூடினார்கள். ஆரம்பத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் கொடுத்த கல் கடைசியில் மூன்று நான்கு கிராமுக்கு வந்திருந்தது. ஆழம் மூன்று கிலோமீட்டருக்கு மேல், பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். ஒரு கிராம் எடுக்கிற செலவு அதன் விலையைத் தாண்டிவிட்டது. கணக்கு என்னவோ சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் இரண்டு பை எனக்கு உறுத்துகிறது.

ஒன்று, 1956ல் தேசியமயமான பிறகு பல வருடங்கள், அவுன்ஸ் 35 டாலர் என்ற சர்வதேச அதிகாரபூர்வ விலைக்கே எங்கள் தங்கம் அரசுக்குப் போனது. வெளியே நகைக்கடையில் அதைவிட எவ்வளவோ கூடுதல். நஷ்டத்தில் ஓடும் சுரங்கம் என்ற பெயர் அப்போதே விழுந்துவிட்டது. ஆட்டக்காரர் அடித்த ஹோம் ரன்னைப் பாதியாக எழுதிவிட்டு, சம்பளம் அதிகம் என்று சொன்ன மாதிரி.

இரண்டு, மூடிய மாதம் தங்கம் அவுன்ஸ் ஏறக்குறைய 260 டாலர். ஆமாம், எங்கள் லீக்கின் அதே 260. இருபது வருடத்தில் கண்ட அடிமட்ட விலையை ஒட்டிய நாட்கள் அவை. இந்தத் தடவை பளபளக்காத பையை யாரும் வெட்டவில்லை. அந்த ஒரு பையை வைத்து ஊரையே எழுதிவிட்டார்கள். விலை ஏறியிருந்தால் மட்டும் அந்த ஆழத்துக் கல் கட்டுபடியாகியிருக்குமா? நைனாவைக் கேட்டால் முழுசாக ஆமாம் என்று சொல்ல மாட்டார். சாம்பிள் பார்த்தவர் ஆயிற்றே. மூடியபின் பக்கத்து லைன் வீட்டுப் பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி வந்துவிட்டேன், அவ்வளவுதான்.

2011ல் தங்கம் 1,900 டாலரைத் தொட்டபோது நைனாவுக்குப் போன் போட்டேன். விலையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அந்த 48 டாலர் ஆளு இன்னாடா ஆனான்?" என்றார்.

"ரெண்டு வருசம் முன்னாடி ரிட்டயர் ஆயிட்டாரு நைனா."

"நம்ம செட்டு," என்று சிரித்துவிட்டு, போனை அம்மாவிடம் கொடுத்தார்.