ஒரு பென்னி ஸ்டாம்பும் கண் தெரியாத ஒரு அமைச்சரும்

குழந்தைகளைச் சேமிக்கச் சொல்வது சுலபம். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் சில்லறையை எந்த வங்கி வாங்கிக்கொள்ளும்?

1861-ல் பிரிட்டனில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கியபோது இருந்த சிக்கல் இதுதான். குறைந்தது ஒரு ஷில்லிங் இருந்தால்தான் கணக்கில் போட முடியும். அதாவது 12 பென்னி. பிள்ளைகளிடம் இருப்பதோ ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. பன்னிரண்டு சேரும்வரை மிட்டாய்க்கடைக்காரர் விட்டுவைப்பாரா!

அஞ்சலகத்தையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு பென்னிக்கும் தனி வரவு எழுதினால் குமாஸ்தாவின் சம்பளத்துக்கே கட்டுபடியாகாது. (காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.)

1880-ல் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாக வந்தார் ஹென்றி ஃபாசெட். கேம்பிரிட்ஜில் பொருளாதாரப் பேராசிரியர். 25 வயதில், வேட்டைக்குப் போன இடத்தில் சொந்தத் தந்தையின் துப்பாக்கியிலிருந்து சிதறிய ரவைகளால் இரண்டு கண்களையும் இழந்தவர். இந்தியாவின் வரவுசெலவு பற்றிப் பாராளுமன்றத்தில் விடாமல் கேள்வி கேட்டு 'இந்தியாவின் உறுப்பினர்' என்று பட்டப்பெயர் வாங்கியவரும் இவரே.

அதே ஆண்டு அவர் கொண்டுவந்த வழி ரொம்ப எளிமை. 12 கட்டங்கள் அச்சிட்ட ஒரு தாள். பென்னி கிடைக்கும்போதெல்லாம் சாதாரண தபால்தலை ஒன்று வாங்கிக் கட்டத்தில் ஒட்ட வேண்டும். தாள் நிரம்பியதும் அஞ்சலகத்தில் கொடுத்தால் ஒரு ஷில்லிங் பாஸ்புத்தகத்தில் ஏறிவிடும். பன்னிரண்டு வரவு எழுத வேண்டிய இடத்தில் ஒரே வரவு! ஒட்டிய ஸ்டாம்பைக் கொடுத்து மிட்டாயும் வாங்க முடியாது. பள்ளிக்கூடங்களும் இதைப் பிடித்துக்கொண்டன. 1891-ல் சட்டம் வந்து இங்கிலாந்தின் பெரும்பாலான ஆரம்பப் பள்ளிகளில் கட்டணம் நின்றது. வாரக் கட்டணமாகக் கொடுத்துவந்த அந்தப் பென்னிகளைச் சேமிப்பில் போடச் சொல்லிப் பெற்றோரை அரசே ஊக்குவித்தது.

வட்டியைப் பார்த்தால்தான் கொஞ்சம் ஏமாற்றம். இரண்டரை சதவீதம், அதுவும் முழு பவுண்டுகளுக்கு மட்டும். ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. கணக்குப் போட்டுப் பாருங்கள்... வாரம் ஒரு ஸ்டாம்ப் ஒட்டும் குழந்தைக்கு வட்டி ஆரம்பிக்கவே நாலரை வருஷத்துக்கு மேல் ஆகும். அதன் பிறகும் மாதம் அரை பென்னிதான்.

ஆனால் செலவழிக்கும் பக்கத்தில் ஒரு நல்ல பாடம் தானாகவே அமைந்திருந்தது. ஏழு வயது தாண்டிய குழந்தை தன் பெயரில் போட்ட பணத்தைத் தானே எடுக்கலாம். அப்பா அம்மா கையெழுத்து வேண்டாம். ஆனால் லண்டனுக்கு எழுதிப்போட்டு, அங்கிருந்து தபாலில் ஆணை வந்த பிறகே பணம் கைக்கு வரும். அந்த இடைவெளியில் ஆசைப்பட்ட பொம்மை மறந்துபோயிருந்தால், ஆணையைக் கிழித்துப் போட வேண்டியதுதான்!