அல்லிராணிக் கோட்டைச் சுவரடியில்

"அப்ப அல்லிராணி இங்க இருக்கவே இல்லையா, சேர்?"

கேட்டவள் தரம் ஏழில் படிக்கிற பிள்ளை. அரிப்புக் கடற்கரை மேட்டில், இடிந்து நிற்கிற செங்கல் தூணைத் தொட்டுக்கொண்டு நின்றாள். இந்த மாளிகையைக் கட்டுவித்தவர் இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த், வருடம் 1801க்குப் பிறகு என்று நான் சொல்லி முடித்ததும் அவள் முகம் வாடிவிட்டது. அவளுடைய உம்மும்மா சொன்ன கதையில் ஒரு ராணி இங்கிருந்துதான் முத்துக்கடலை ஆண்டாள். அவளுக்குக் கோட்டை இருந்தது, குதிரைமலையிலும் அரசு இருந்தது. நான் ஒரு வெள்ளைக்காரரைக் கொண்டுவந்து அந்த இடத்தில் இருத்திவிட்டேன்.

வருடத்தில் ஒருநாள், பெரும்பாலும் பங்குனியில், முசலிப் பக்கத்து ஊர்களில் இருந்து பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்த்து நாங்கள் ஆறேழு பேர் இந்த நடையை நடத்துகிறோம். சிலாவத்துறையில் விடியற்காலை கூடி, அரிப்புக்கு வந்து, பழைய ஒல்லாந்தர் கோட்டையைப் பார்த்துவிட்டு இந்த மேட்டில் உட்காருவோம். பிளேன்டீயும் பனிசும் வரும். பங்குனியைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மாசி, பங்குனி, சித்திரைதான் முத்துச் சலாபத்தின், அதாவது முத்துக்குளிப்பின், காலமாக இருந்தது. வாடைக்காற்று ஓய்ந்து, கடல் தெளிந்து, சோளகம் தொடங்குமுன் கிடைக்கிற இடைவெளி. சிலாவத்துறை என்ற பெயருக்குள்ளேயே அந்தச் சலாபம் இருக்கிறது. சலாபத்துறை என்பதுதான் வாயில் புரண்டு இப்படியாகியது. இதைச் சொல்லும்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

ஒல்லாந்தர் கோட்டையில் ரொபர்ட் நொக்ஸின் கதையைச் சொல்வோம். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருடம் சிறையிருந்த அந்த ஆங்கிலேயர் அருவியாற்றோரமாகக் காட்டுக்குள்ளால் நடந்து 1679 ஒக்டோபரில் வந்து சேர்ந்த இடம் இதுதான். அதோடு நொக்ஸை விட்டுவிடுவோம். அவர் வந்தார், போனார். எங்களுக்குச் சொல்லவேண்டியது வராமலும் போகாமலும் இங்கேயே இருந்தவர்களைப் பற்றி.

சலாபத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எனக்கு நேரம் தெரியாது. அந்தக் காலத்தில் நடுச்சாமத்துக்குப் பிறகு பீரங்கி வெடிக்கும். கரைக்காற்றில் தோணிகள் பாய் விரித்து ஒன்றாகப் புறப்படும். விடியும்போது பாரில் நிற்கும். பார் என்றால் கடலடிக் கல்தரை, சிப்பி ஒட்டி வளர்கிற இடம். குளியாளி ஒரு கல்லில் கால் வைத்து, கூடை வலையோடு கீழே போவான். எங்கள் தமிழ் ஆட்கள் விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்க, பாரசீக வளைகுடாவில் இருந்து வந்த அரபிகள் கொம்பில் செய்த கவ்வியை மூக்கில் மாட்டுவார்கள். மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கயிறு சுண்டியதும் இழுக்கவேண்டும். பிந்தினால் ஓர் உயிர். நான் பிள்ளைகளிடம் ஒரு கயிற்றைக் கொடுத்து, இருவர் இருவராக நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லிச் சுண்டிக் காட்டுவேன். எவ்வளவு சின்னச் சுண்டல் என்று அப்போதுதான் கைக்குத் தெரியும். சுறாவை வாய்கட்டுகிற 'கடல்கட்டி' கரையில் நின்று மந்திரம் ஓதாமல் யாரும் இறங்கமாட்டார்கள். முஸ்லிம், இந்து, கத்தோலிக்கர் எல்லாரும் அந்த ஒருவரை நம்பித்தான் தண்ணீருக்குள் போனார்கள்.

மத்தியானம் மீண்டும் வெடி. கடற்காற்றில் கரைக்குத் திரும்பி, சிப்பி முழுவதும் 'கொட்டு' என்ற பெரிய கிடுகு அடைப்புக்குள் போகும். மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று இறங்கியவர்களுக்கு. அதைத் தூக்கிக்கொண்டு குளியாளி வாசலைத் தாண்டினால், வெளியே நிற்கிற சனம் ஐந்தும் பத்துமாகச் சிப்பியை வாங்கித் திறக்கும். அரசாங்கத்தின் பங்கு அந்தியில் ஆயிரக்கணக்கில் ஏலம் போகும். வாங்கிய வியாபாரி சிப்பியை ஒரு கிழமைக்குமேல் அழுகவிட்டுக் கழுவுவான். அந்த நாற்றத்தைத்தான் லெனாட் வுல்ஃப் எழுதினார். 1906இல் மறிச்சுக்கட்டி முகாமில் அரசாங்க உத்தியோகத்தராகக் கொட்டில் வேலை பார்த்தவர் அவர்.

முந்தைய வருடம், 1905இல், எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பி எடுத்தார்கள். ஐயாயிரம் பேருக்குக் கிட்டக் கடலுக்குள் இறங்கினார்கள். அதற்கு அடுத்த வருடமே பார்களை வருடத்துக்கு மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபாவுக்கு, இருபது வருடக் குத்தகையாக ஒரு லண்டன் கம்பனிக்குக் கொடுத்துவிட்டார்கள். 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாகின. கம்பனி குத்தகைக் காலம் முடியுமுன்னரே கலைந்தது. 1925இல் ஒரு சலாபம் நடந்தது. அதன்பின் சொல்லும்படியாக எதுவும் இல்லை.

ஏன் வெறுமையாகின? பேராசையாலா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பேராசையும் உண்டு. ஆனால் பேராசிரியர் ஹேட்மன் 1902இல் வந்து தொடங்கிய ஆராய்ச்சியில் கண்டதையும் நான் சொல்வேன். பங்குனியில் பெரிய பாரில் இலட்சோபலட்சம் சிப்பிக் குஞ்சுகள் இருந்தன. கார்த்திகையில் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. இடையில் அடித்த சோளகக் கடல் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது.

எங்கள் வீட்டில் முத்து எதுவும் இருந்ததில்லை. வாப்பாவின் பாட்டனார் கொட்டுக்குக் கம்பும் கிடுகும் வண்டியில் ஏற்றிக் கொடுத்தவர். அந்தக் கணக்கு எழுதிய ஒரு கொப்பி எங்கள் பெட்டகத்தில் இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நாங்களும் புத்தளம் போய்ச் சேர்ந்தோம். உடுத்த உடுப்போடு போனவர்கள் கொப்பியையா தூக்கியிருப்பார்கள்? உம்மா அகதி முகாமில் பல வருடம் அந்தப் பெட்டகத்தின் சாவியை இடுப்பில் வைத்திருந்தார். யுத்தம் முடிந்து நாங்கள் திரும்பியபோது, வீடு இருந்த இடத்தில் காடு நின்றது. முசலிப் பக்கத்து முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கச் சனத்துக்கு 2007இல் வேறொரு இடம்பெயர்வு. அவர்கள் வீட்டுக் கடதாசிகளும் போய்விட்டன. ஆளுநருடைய கடிதங்களும் சிப்பிக் கணக்குகளும் கொழும்பிலும் லண்டனிலும் பத்திரமாக இருக்கின்றன. கயிறு பிடித்தவனின் வீட்டில் இருந்தது எதுவும் மிஞ்சவில்லை. அதனால்தான் வாய்ச்சொல்லையாவது பிடித்துவைக்க இந்த மேட்டில் வந்து உட்காருகிறோம்.

அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொன்னேன்? கட்டியது நோர்த் என்பது உண்மை, அதை மாற்றமுடியாது என்றேன். ஆனால் ஆளுநர் சலாபக் காலத்தில் மட்டும் வந்து தங்கிய வீட்டை, பிறகு இங்கே வாழ்ந்த சனம் தங்களுடைய ராணிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. இந்தக் கடலும் முத்தும் யாருடையது என்று அவர்கள் நினைத்தார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சாட்சி அந்தக் கதைதான், அதையும் உன் கொப்பியில் எழுது என்றேன். கடல் மேட்டை அரித்து மாளிகையில் ஒரு பகுதி சரிந்துவிட்டது. அதனால் தரைப் பக்கமாகத்தான் பிள்ளைகளை நிறுத்துகிறோம்.

இந்த வருடம் அரிப்பில் இருந்து ஒரு மூத்த கடற்தொழிலாளி வந்திருந்தார். ஆங்கிலேயரின் கடல் வரைபடத்தில் உள்ள பார்களின் பெயர்களை நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். பெரிய பார் என்றதும் கையை நீட்டித் திசையைக் காட்டினார். கொண்டச்சிப் பாருக்கும் காட்டினார். ட்வைனம் பார் என்றேன். யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக இருந்தவரின் பெயரில் வைத்தது. "அப்பிடி ஒண்டு இல்ல, தம்பி," என்றார்.

பிறகு என் தாளில் இல்லாத பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். அந்தப் பிள்ளை என் பக்கத்தில் இருந்து எழும்பி, கொப்பியோடு அவருடைய காலடியில் போய் உட்கார்ந்தாள்.