கல்லை அழித்துவிடலாமா?

1869 ஜனவரியில் ஓவியர் எதுவார் மனேவுக்கு அரசிடமிருந்து கடிதம் வந்தது. அவருடைய மாக்ஸிமிலியன் ஓவியத்துக்குச் சலோன் கண்காட்சியில் இடம் இல்லை. அதே காட்சியை அவர் கல்லில் வரைந்திருக்கிறாரே, அதை அச்சிட்டு வெளியிடவும் அனுமதி இல்லை.

ஒரு கல்லைக் கண்டு பிரெஞ்சுப் பேரரசு ஏன் மிரள வேண்டும்?

சுண்ணாம்புக் கல்லின் வழவழப்பான முகத்தில் கொழுப்புக் கலந்த கறுப்புக் க்ரேயானால் வரைவார்கள். மேலே கோந்தும் சிறிது அமிலமும் பூசுவார்கள். பிறகு கல்லை நனைத்து மையுருளையை ஓட்டினால், ஈரம் பிடித்த இடம் எண்ணெய் மையை ஏற்காது. கோடு மட்டும் வாங்கிக்கொள்ளும். நடுவில் செதுக்குகிறவன் யாரும் இல்லை. ஓவியன் இழுத்த கோடே நூற்றுக்கணக்கான தாள்களாகித் தெருவுக்கு வந்துவிடும். 1834-இல் ஓவியர் தோமியே வரைந்த ‘டிரான்ஸ்நோனேன் தெரு’ படத்தின் கல்லையே காவல்துறை பறித்துக்கொண்டு போனது இந்தப் பயத்தால்தான்.

மனேவின் கல்லில் இருந்தது 1867 ஜூன் 19, மெக்சிகோவின் கெரத்தாரோ. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் மெக்சிகோவின் அரியணையில் ஏற்றிவைத்து, பிறகு படையைத் திருப்பியழைத்துக் கைவிட்ட மாக்ஸிமிலியனை, மிராமோன், மெஹியா என்ற இரு தளபதிகளோடு நிறுத்திச் சுடுகிறார்கள். மதிலுக்கு மேலே எட்டிப்பார்க்கும் தலைகள். சுடுகிறவர்களை விட்டு விலகி, ஓரமாக நின்று தன் துப்பாக்கியைச் சரிபார்க்கிறான் ஒருவன். அன்றாட வேலை செய்கிறவனின் நிதானம் அவனிடம். இந்தப் படத்தில் என் நெஞ்சைப் பிசைவது அவன்தான்.

பிப்ரவரி 4 அன்று ‘லா டிரிப்யூன்’ இதழில் எழுத்தாளர் எமில் ஸோலா இதைப் பற்றி எழுதினார். சுடும் சிப்பாய்களின் உடுப்பு ஏறக்குறைய பிரெஞ்சுப் படையின் உடுப்பு என்பதைச் சுட்டிக்காட்டினார். மாக்ஸிமிலியனைச் சுட்டது பிரான்ஸ்தான் என்று படம் சொல்வதாக அவர் வாசித்தார். நண்பர் மனேவுக்குத் துணை நிற்கத்தான் எழுதினார். ஆனால் அரசு வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய காரணம் இப்போது ஊரறிய அச்சேறிவிட்டது.

கல்லோ மனேவிடம் இல்லை. பாரிஸின் பெரிய கல்லச்சுக்காரரான லெமெர்சியேயின் கூடத்தில் கிடந்தது. உரிமம் இல்லாமல் அச்சகம் நடத்த முடியாத காலம் அது. அந்த பிப்ரவரியில் அவரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: கல்லை அழித்துவிடலாமா?

மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்தால் போதும். கெரத்தாரோ மறைந்து, அடுத்த ஓவியருக்கு வெறுங்கல் தயாராகிவிடும்.

மனே கூடாது என்றார். கல்லைத் திருப்பிக் கேட்டார்.

லெமெர்சியே கொடுக்க மறுத்துவிட்டார்.

(தொடரும்)