ஹோஷங்காபாத்தின் விஞ்ஞான வகுப்பு

நருமதை நதியின் தென்கரையில், விந்தியத்துக்கும் சாத்பூராவுக்கும் இடையே நீண்டு கிடக்கும் வளமான சமவெளியில், பதினைந்தாம் நூற்றாண்டில் மாளவத்தை ஆண்ட ஹோஷங் ஷா என்னும் சுல்தானின் பெயரைத் தாங்கி ஹோஷங்காபாத் என்றொரு நகரம் இருந்தது. நகரம் இன்றும் இருக்கிறது, பெயரைத்தான் 2022இல் நர்மதாபுரம் என்று மாற்றிவிட்டார்கள். டில்லிக்குப் போகும் வழியில் இடார்சி சந்திப்பில் இறங்கித் தேநீர் குடித்து ஏறிய தமிழர்களில் பலருக்கு, தாங்கள் நின்ற மண் அந்த ஜில்லாவைச் சேர்ந்தது என்பதோ, அங்கே 1972 முதல் 2002 வரை முப்பது ஆண்டுகள், கிராமத்துப் பிள்ளைகள் விஞ்ஞானத்தைப் புஸ்தகத்தில் படிக்காமல் கையால் செய்து கற்ற ஒரு பெரிய முயற்சி நடந்தது என்பதோ தெரிந்திருக்க நியாயமில்லை.

அக்காலத்து நடுநிலைப் பள்ளிகளில் விஞ்ஞானம் எப்படி நடந்தது என்பதை விஸ்தரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சோதனைக் குழாயைக் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, அதற்குள் நடந்திருக்க வேண்டியதை வாயால் சொல்லி, சொன்னதைப் பரீட்சையில் எழுதச் செய்வதே உபாத்தியாயரின் கடமையாக இருந்தது. இந்த நிலையை மாற்ற முன்வந்தவை இரண்டு சிறு ஸ்தாபனங்கள். ஒன்று, ஹோஷங்காபாத்தை அடுத்த ரசூலியாவில் குவேக்கர் என்னும் கிறிஸ்தவ நண்பர்கள் சங்கத்தார் நடத்திவந்த கிராம மையம். (சென்னை பெண்டிங்க் பள்ளியில் ஆசிரியையாக வந்து சேர்ந்து, சாந்திநிகேதனத்திலும் சேவாகிராமத்திலும் பணியாற்றி, பிறகு நம் கோத்தகிரியில் சில காலம் வாழ்ந்த மார்ஜரி சைக்ஸ் அம்மையார் பின்னாளில் தங்கியிருந்ததும் அந்த மையத்தில்தான்.) மற்றொன்று, அமெரிக்காவில் உயிர்வேதியியலில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்து உத்தியோகத்தை விட்டு, அனில் சத்கோபால் என்பவர் பங்கேடி வட்டாரத்து கிராமம் ஒன்றில் தொடங்கிய கிஷோர் பாரதி. இவ்விரண்டும் கூட்டாக விண்ணப்பித்து, மத்தியப் பிரதேச சர்க்காரின் அநுமதியைப் பெற்று, 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் பணியைத் தொடங்கின.

தனியார் நடத்தும் சிறப்புப் பள்ளி ஒன்றை நிறுவி, பொறுக்கி எடுத்த குழந்தைகளை வைத்து அதிசயம் காட்டுவது எளிது. ஹோஷங்காபாத்தார் அதைச் செய்யவில்லை. சர்க்கார் பள்ளி, சர்க்கார் ஆசிரியர், கூரை ஒழுகும் அதே கட்டடம் ஆகியவற்றுக்குள்ளேயே மாற்றம் நிகழ வேண்டும் என்பது அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நியமம். உதவிக்கு டாட்டா நிலையத்திலிருந்து யஷ்பால் முதலிய விஞ்ஞானிகள் வந்தார்கள்; அடுத்த ஆண்டே டில்லி சர்வகலாசாலைப் பேராசிரியர்கள் வரத் தொடங்கினார்கள்.

அவர்கள் ஆசிரியர்களோடு சேர்ந்து எழுதிய புஸ்தகத்துக்குப் பால் வைஞானிக் என்று பெயர். குழந்தை விஞ்ஞானி என்பது பொருள். அதன் விசேஷம், அதில் விடைகள் இல்லை என்பது. என்ன செய்ய வேண்டும் என்பது இருக்கும். செய்த பிறகு என்ன கண்டாய், ஏன் அப்படி நேர்ந்தது என்ற கேள்விகள் இருக்கும். விடையைக் குழந்தை தன் நோட்டுப் புஸ்தகத்தில் தானே எழுதிக்கொள்ள வேண்டும். நால்வர் நால்வராகக் குழுச் சேர்ந்து பிள்ளைகள் வேலை செய்தார்கள்.

அளவையைப் பற்றிய பாடம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரே பொருளின் நீளத்தைப் பல பிள்ளைகள் அளக்கிறார்கள். ஒருவனுக்கு வந்த எண் மற்றொருவனுக்கு வருவதில்லை; சிறிது கூடுகிறது, சிறிது குறைகிறது. வழக்கமான வகுப்பாக இருந்தால், ஆசிரியர் தாமே ஒரு முறை அளந்து, சரியான விடை இது என்று அறிவித்து, மற்றவர்களை அசட்டையாக அளந்ததற்காகக் கடிந்துகொண்டிருப்பார். இங்கேயோ எல்லா எண்களும் பலகையில் ஏறுகின்றன. எந்த எண் எத்தனை பேருக்கு வந்தது என்று எண்ணிக் கட்டங்களாக வரைகிறார்கள். நடுவில் குவிந்து இருபுறமும் தேய்ந்துபோகும் அந்த உருவத்தைப் பார்த்து, அளவு என்பதில் ஏற்றத்தாழ்வு இயல்பு என்பதையும், எவ்வளவு நுட்பம் வரை நம்பலாம் என்பதையும் தாங்களே பேசி முடிவுக்கு வருகிறார்கள். கல்லூரியில் பௌதிக சாஸ்திரம் படிக்கும் நம் பிள்ளைகள் ஆய்வுக்கூட நோட்டில் கிடைக்க வேண்டிய விடையை முன்னமே தெரிந்துகொண்டு அதற்கேற்ப எண்களைத் திருத்தி எழுதும் விந்தையைக் கண்டவர்களுக்கு, பதினொரு வயதில் கற்ற அந்தப் பாடத்தின் மதிப்பு விளங்கும். சந்தர்ப்பத்தையும் நிகழ்தகவையும் பற்றிய அத்தியாயத்திலும் இப்படித்தான், நாணயத்தைத் திரும்பத் திரும்பச் சுண்டிக் கணக்கெடுத்தார்கள்.

சாமான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி கொடுக்கப்பட்டது. காந்தம், லென்ஸ், சோதனைக் குழாய் போன்றவை அதில் இருந்தன. ஆனால் குழாய் உடைந்தால் மறு குழாய் கஜானா வழியாக வந்து சேர்வதற்குள் வகுப்பே மாறிவிடும் என்பதால், கிராமத்திலேயே கிடைப்பதைக் கொண்டு காரியத்தை நடத்தும் சாமர்த்தியம் வளர்ந்தது. பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி வேண்டுமா, கருவேலமுள் போதும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் முடித்து, மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அரவிந்த் குப்தா 1978இல் ஓராண்டு விடுப்பில் அங்கே வந்தார். சைக்கிள் கடையில் வால்டியூப் என்று கேட்டால் வெட்டிக் கொடுக்கும் மெல்லிய ரப்பர்க் குழாயைத் துண்டு துண்டாக நறுக்கி, அதன் இரு வாயிலும் தீக்குச்சியைச் செருகினால் வளையும் மூட்டு ஒன்று கிடைக்கும் என்று கண்டார். மூன்று குச்சிகளால் கட்டிய முக்கோணம் அழுத்தினால் அசையாது. நான்கு குச்சிகளால் கட்டிய சதுரம் உடனே சாய்ந்துவிடும். பாலங்களிலும் மின்சாரக் கோபுரங்களிலும் ஏன் முக்கோணங்களாகவே இருக்கின்றன என்பதைக் குழந்தையின் விரல் அறிந்துகொள்ள இதற்குமேல் செலவில்லை.

ஆயினும் தீக்குச்சியையும் ரப்பர்க் குழாயையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஹோஷங்காபாத்தைப் புகழ்கிறவர்கள் அதன் பாதியைத்தான் கண்டவர்கள் என்பது என் அபிப்பிராயம். விளையாட்டுப் பொருள்கள் அதற்கு முன்னும் இருந்தன. விஞ்ஞானக் கண்காட்சிகளும் இருந்தன. அங்கே நடந்த அருமையான காரியம் பரீட்சையை மாற்றியதுதான். எட்டாம் வகுப்பு முடிவில் பிள்ளைகள் எழுதிய பொதுத் தேர்வில் விஞ்ஞானத்துக்குத் தனி வினாத்தாள் வைக்க சர்க்கார் இணங்கியது. பிள்ளைகள் புஸ்தகத்தையும் தங்கள் நோட்டையும் கூடவே கொண்டுபோய்த் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம். எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு. நோட்டைப் பார்த்து எழுதலாம் என்றால், நோட்டில் இருப்பதையே திருப்பிக் கேட்பதில் பயனில்லை. ஆகவே கேள்வி எழுதுகிறவர்கள் சிந்திக்க வேண்டியதாயிற்று. பரீட்சை பழையபடி மனப்பாடத்தைக் கேட்கும்போது, வகுப்பில் முள்ளையும் மலரையும் வைத்துக்கொண்டு உட்காரும்படி ஆசிரியரிடம் சொல்வது அவருக்கும் பிள்ளைகளுக்கும் இழைக்கும் அநீதி. பெற்றோர் கேட்பது மார்க்கைத்தான், அவர்கள்மேல் குற்றமில்லை.

இதற்கு இணையான மற்றொரு ஏற்பாடு ஆசிரியர் பயிற்சி. கோடை விடுமுறையில் சில வாரங்கள் அவர்கள் கூடி, பிள்ளைகள் செய்ய வேண்டிய பிரயோகங்களை முதலில் தாங்களே குழுவாக உட்கார்ந்து செய்தார்கள். ஆண்டு முழுதும் மாதத்துக்கொரு முறை சுற்று வட்டார ஆசிரியர்கள் சந்தித்து, எது வகுப்பில் சரியாக நடந்தது, எது சொதப்பியது என்று பேசினார்கள். சர்வகலாசாலைப் பேராசிரியரும் கிராமத்து வாத்தியாரும் ஒரே பாயில் உட்கார்ந்து, விடை தெரியாத கேள்வி வந்தபோது தெரியாது என்று ஒப்புக்கொண்டு தேடத் தொடங்கியது, நம் நாட்டுக் கல்விக்கூடங்களின் மரியாதை முறைகளை அறிந்தவர்களுக்குச் சிறிய காரியமாகப் படாது. பிள்ளைகள் கேள்வி கேட்கவும் வழி இருந்தது. சவாலிராம் என்று கற்பனையாக ஒரு மனிதரைப் படைத்து, அவருக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள், கடிதங்கள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் எழுத ஆட்கள் இருந்தார்கள்.

1978இல் திட்டம் ஜில்லாவின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. 1982இல் இதை ஏற்று நடத்துவதற்கென்றே ஏகலவ்யா என்ற ஸ்தாபனம் தோன்றியது. பிற ஜில்லாக்களிலும் பள்ளிகள் சேர்ந்து, கடைசியில் ஏறக்குறைய ஆயிரம் பள்ளிகளில் ஒரு லட்சம் குழந்தைகள் இம்முறையில் படித்தார்கள். வளர வளர எதிர்ப்பும் வளர்ந்தது. உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் பின்தங்குகிறார்கள் என்று குற்றம் சாட்டினார்கள். ஏகலவ்யா கணக்குகளை எடுத்துக் காட்டி மறுத்தது. மாநிலம் முழுதும் ஒரே பாடத்திட்டம் இருக்க வேண்டும் என்ற வாதமும் எழுந்தது. ஜில்லா திட்டக் குழு இதை நிறுத்தும்படி பரிந்துரைத்தது. விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் ஆட்சேபித்து எழுதிய கடிதங்கள் பயன்படாமல், 2002இல் மாநில சர்க்கார் திட்டத்தை மூடியது. அநுமதியின் பேரில் தொடங்கியது, அநுமதி திரும்பப் பெறப்பட்டபோது முடிந்தது.

தொடக்க நாள்களில் துணை நின்ற யஷ்பால், 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தை வகுத்த குழுவுக்குத் தலைமை வகித்தார். குழந்தை செய்து பார்த்தே அறிவைக் கட்டிக்கொள்கிறது என்ற கொள்கை அதில் முக்கிய இடம் பெற்றது; நாடெங்கும் பாடப் புஸ்தகங்களில் செய்து பார் என்ற கட்டங்கள் நிறைந்தன. பரீட்சையை மாற்ற வேண்டும் என்று அதே சட்டகம் சொன்னது மட்டும் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது.